காம்போசிஷன்ல எத்தனை இடியம் போடணும்? ஒரு அம்மாவோட கேள்விக்குப் பதில்

வணக்கம். இன்னிக்கு ஒரே ஒரு கேள்விதான் எடுத்துக்கப் போறேன், ஏன்னா ரெண்டு நாளா இது மனசை விட்டுப் போக மாட்டேங்குது. ஒரு அம்மா கேட்டிருக்காங்க, பொண்ணு எட்டாவது படிக்குது, இங்கிலீஷ் காம்போசிஷன்ல குறைஞ்சது அஞ்சு இடியம், அதாவது மரபுத்தொடர், பத்து புது வார்த்தை இருந்தாதான் மார்க் வரும்னு ஒரு லிஸ்ட் குடுத்திருக்காங்களாம், பொண்ணும் மனப்பாடம் பண்ணி எழுதுதாம், ஆனா "படிச்சுப் பார்த்தா என் பொண்ணு எழுதின மாதிரியே இல்ல சார்"ங்கறாங்க.

ஸ்போர்ட்ஸ் டே பத்தி அந்தப் பொண்ணு எழுதின முதல் பாராவையும் அனுப்பியிருக்காங்க. முதல் வரி 'இட் வாஸ் ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்', அதாவது மழை கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு. அடுத்தது 'ஐ வாஸ் ஆன் க்ளவுட் நைன்'. அதுக்கடுத்தது 'ஐ வாஸ் ஓவர் த மூன்'. மூணும் தப்பில்லாத இங்கிலீஷ். ஆனா ரெண்டாவதும் மூணாவதும் ஒரே சேதி, ரொம்ப சந்தோஷம், அவ்ளோதான். எதுக்கு சந்தோஷம்னு கடைசி வரைக்கும் சொல்லல. அந்த கேட்ஸ் அண்ட் டாக்ஸ் இருக்கே, அது 1738லயே ஜோனதன் ஸ்விஃப்ட்ங்கற எழுத்தாளர் எழுதினதுல வருது, அதுவும் பெரிய மனுஷங்க தேய்ஞ்சுபோன வாக்கியங்களையே திருப்பித் திருப்பிப் பேசறதைக் கிண்டல் பண்ணின நூல்ல. அப்பவே தேய்ஞ்சது, நாம இன்னும் புதுசுன்னு குழந்தைங்க கையில குடுக்கறோம்.

நம்ம பழைய வீடியோ பார்த்தவங்களுக்குத் தெரியும், நான் ஒண்ணைத்தான் சொல்லிட்டே இருப்பேன், வார்த்தை தனியா வராது, கூட்டாளியோடதான் வரும். கோழிக்குக் குஞ்சு, பசுவுக்குக் கன்னு, ஆட்டுக்குக் குட்டி. "ஆட்டுக்குஞ்சு"ன்னு யாராவது சொன்னா அர்த்தம் புரியும், ஆனா காது ஏத்துக்காது. தொல்காப்பியத்துல மரபியல் ஆரம்பிக்கறதே இப்படி இளமைப் பெயர் ஒன்பதைச் சொல்லித்தான், எது எதோட சேரும்கறது நம்ம ஆளுங்களுக்கு அவ்ளோ முக்கியமா பட்டிருக்கு. இங்கிலீஷ்லயும் இதே கதைதான். டீ ஸ்ட்ராங்கா இருக்கலாம், பவர்ஃபுல்லா இருக்க முடியாது. மழைக்கு ஹெவி, காத்துக்கு ஸ்ட்ராங். மிஸ்டேக்குக்கு மேக், ஹோம்வொர்க்குக்கு டூ. ஃபர்த்னு ஒரு மொழியியல் அறிஞர் 1957ல எழுதினார், ஒரு வார்த்தை யாரோட சேருதோ அதை வெச்சுத்தான் அந்த வார்த்தையைத் தெரிஞ்சுக்க முடியும்னு. நம்ம வீட்டுப் பெரியவங்க பிள்ளைங்க சகவாசத்தைப் பத்திச் சொல்றதேதான்.

லிஸ்ட்ல பாருங்க, இடது பக்கம் 'நொட்டோரியஸ்', வலது பக்கம் 'ஃபேமஸ்'. இதை மனப்பாடம் பண்ணின ஒரு பையன் என்கிட்ட எழுதிக் குடுத்தான், எங்க டீச்சர் அன்புக்கு நொட்டோரியஸ்னு. நொட்டோரியஸ்னா கெட்ட விஷயத்துக்குப் பேர் போனவங்க. பையன் மனசாரப் பாராட்டத்தான் எழுதினான், அவனைக் குத்தம் சொல்லி என்ன, லிஸ்ட்ல அந்தப் பாதி சேதி இல்லவே இல்லையே.

இடியம் இன்னும் கஷ்டம், அதைப் பிரிச்சு மேய முடியாது. தமிழ்ல "கம்பி நீட்டிட்டான்"னா ஓடிட்டான். அதையே "அவனால் கம்பி நீட்டப்பட்டது"ன்னு மாத்தினா வெறும் இரும்புக் கம்பிதான் மிச்சம். 'கிக் த பக்கெட்'டும் அப்படியேதான், பாசிவ்ல மாத்தினா 'செத்துப்போனார்'ங்கற அர்த்தம் போயி வாளி மட்டும் நிக்கும்.

அந்த வாளியைப் பத்தி ஒண்ணு சொல்லணும். ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு பொண்ணு தாத்தாவைப் பத்தி கட்டுரை எழுதிச்சு. 'மை கிராண்ட்ஃபாதர் கிக்ட் த பக்கெட்'. கிராமர் சுத்தம், இடியம் சரி. ஆனா தமிழ்ல யோசிச்சுப் பாருங்க, "எங்க தாத்தா மண்டையைப் போட்டுட்டார்"னு அந்தக் குழந்தை சொல்லுமா? நான் கூப்பிட்டு இதைத்தான் கேட்டேன், அது பதறிப் போச்சு. சார், லிஸ்ட்ல 'டை'ன்னுதான் போட்டிருந்துச்சுன்னுச்சு. சரிம்மா, தாத்தா போனதுக்கு அப்புறம் வீட்ல எப்படி இருக்குன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அவர் மூக்குக் கண்ணாடி மேஜை மேலதான் இருக்கு சார், யாரும் எடுக்கல, பாட்டி அதைச் சுத்தித்தான் தொடைக்கறாங்க"ன்னுச்சு. அதை எழுதுன்னேன். எழுதிச்சு. ஹிஸ், கிளாஸஸ், ஸ்டில், டேபிள், எல்லாம் சின்ன கிளாஸ் பிள்ளைக்கே தெரிஞ்ச வார்த்தைங்க. அந்தப் பேப்பர் இன்னும் எனக்கு மறக்கல.

அதனால எத்தனை இடியம்கறதை விட, இந்தப் புள்ள என்ன பார்த்துச்சுன்னு கேட்டிருந்தா இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். இடியமே வேண்டாம்னு நான் சொல்லல, தயவுசெஞ்சு அப்படி எடுத்துக்காதீங்க. புது வார்த்தை வேணும், நிறைய வேணும். ஆனா முதல்ல அதை ஒரு கதையிலயோ கட்டுரையிலயோ ரெண்டு மூணு தடவை சந்திக்கணும், யார் யார்கிட்ட எப்போ சொல்றாங்கன்னு பார்க்கணும். நோட்ல எழுதும்போது வார்த்தையை மட்டும் எழுதாம அது வந்த முழு வாக்கியத்தையும் எழுதச் சொல்லுங்க. லேர்னர்ஸ் டிக்ஷனரி ஒண்ணு வாங்கிக் குடுங்க, சாதா டிக்ஷனரி இல்ல. ஹார்ன்பின்னு ஒருத்தர் ஜப்பான்ல இங்கிலீஷ் சொல்லிக் குடுத்தப்போ இந்தக் குழப்பத்தையெல்லாம் நேர்ல பார்த்துட்டு, படிக்கறவங்களுக்குன்னே ஒண்ணு தயார் பண்ணினார், 1942ல டோக்கியோல வந்துச்சு, அப்புறம் 1948ல ஆக்ஸ்ஃபோர்டு போட்டாங்க. எது எதோட சேரும்னு வாக்கியமாவே காட்டும்.

இப்போ மார்க்குக்கு லிஸ்ட்ல இருந்து போட்டே ஆகணும்னா, அம்மா, போடட்டும், பிள்ளையை ரெண்டு பக்கமும் இழுக்க வேண்டாம். ஆனா அந்த மழையில கிரவுண்ட் எப்படி இருந்துச்சுன்னு இன்னிக்கு ராத்திரி பொண்ணுகிட்ட தமிழ்லயே கேளுங்க. ஷூ சேத்துல மாட்டுச்சா, ரிலே பேட்டன் வழுக்குச்சா, யார் விழுந்தாங்க. அது சொல்றதுல ஒரு வரியை இங்கிலீஷ்ல எழுதி, அந்த க்ளவுட் நைன் இருக்கற இடத்துல வெச்சுப் பார்க்கச் சொல்லுங்க. அப்புறம் அந்தப் பாராவை எனக்கு மறுபடி அனுப்புங்க, அடுத்த வீடியோவுல படிச்சுக் காட்டறேன்.