அச்சிட்ட சீட்டில் வெட்டு எங்கே இருக்கிறது?

வணக்கம். சீட்டுக்கட்டுச் சேகரிப்பைப் பற்றிய சென்ற பேச்சில், பிரிட்டனைச் சேர்ந்த காகிதவெட்டுக் கலைஞர் ஸூஸி டெய்லர் தாளில் கையால் வெட்டிய உருவங்களை அச்சிட்டு ‘ஆர்ட் ஆஃப் ப்ளே’ நிறுவனம் வெளியிட்ட ‘பேப்பர்கட்ஸ்’ கட்டைக் காட்டியிருந்தேன். அதைப் பார்த்த நேயர் ஒருவர் இவ்வாறு எழுதியிருக்கிறார்: “சீட்டில் ஓட்டை எதுவுமே இல்லையே, வெட்டு என்பது வெறும் படம்தானே? இதற்குப் போய்ச் சாதாரணக் கட்டைவிட அதிக விலை கொடுப்பானேன்? அப்படியே வாங்கினாலும் பிரிப்பதா, பிரிக்காமல் வைப்பதா?” முதல் கேள்வி என்னை விடாமல் குடைந்துகொண்டிருப்பதால் அதற்கே அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன், மற்ற இரண்டுக்கும் கடைசியில் வருகிறேன்.

நேயர் சொல்வது சரிதான், ஓட்டை இல்லை. இருக்கவும் முடியாது. தரமான சீட்டு ஒற்றைத் தாளால் ஆனதன்று. இரண்டு தாள்களை நடுவில் கறுப்புப் பசையிட்டு ஒட்டிச் செய்வது. எதிரே அமர்ந்திருப்பவர் விளக்கு வெளிச்சத்தில் நம் சீட்டின் முகத்தைக் கண்டுகொள்ளக் கூடாது என்பதற்காகவே அந்தக் கறுப்பு. காகிதவெட்டோ வெளிச்சத்தை நம்பிப் பிழைக்கிற கலை. சீனத்தின் வட பகுதிகளில் புத்தாண்டுக்கு அதைச் சன்னலில் ஒட்டுவதே ஒளி அதனூடே வர வேண்டும் என்பதற்காகத்தான். ஒளியை விடுகிற பொருளும் ஒளியை மறைக்கிற பொருளும் ஓரிடத்தில் சேர வேண்டுமென்றால் அச்சைத் தவிர வேறு வழியில்லை. உண்மையிலேயே துளையிட்டால் ஒரு சீட்டின் விளிம்பு இன்னொன்றின் துளையில் மாட்டிக்கொள்ளும், கலைக்க முடியாது. எதிராளிக்கும் துளை வழியே வேண்டியது தெரிந்துவிடும்.

அப்படியானால் வெட்டு எங்கே இருக்கிறது? பாலத்தில் இருக்கிறது. வழக்கமாகப் பார்ப்பவர்களுக்கு இந்தச் சொல் அலுத்துப் போயிருக்கலாம். இருந்தாலும் மறுபடியும் சொல்கிறேன். அரிசி மூட்டையின் மேல் தகட்டை வைத்து மை தடவி எண் எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தகட்டில் 8 என்ற எண்ணை முழுக் கோடாக வெட்டினால் அதன் இரண்டு வட்டங்களின் உட்பகுதியும் கீழே விழுந்துவிடும். விழாமல் தாங்குவதற்காக ஆங்காங்கே சிறு இணைப்பு விடுகிறார்கள், அதனால்தான் மூட்டையில் விழும் 8 இடையிடையே அறுபட்டுத் தெரிகிறது. அந்த இணைப்புதான் பாலம். சீன மரபில் இதற்கு இரண்டு முறைகள் உண்டு. யாங் முறையில் கோட்டை வைத்துக்கொண்டு பின்னணியை வெட்டி எடுப்பார்கள். அங்கே ஒவ்வொரு கோடும் இன்னொரு கோட்டைத் தொட்டாக வேண்டும். யின் முறையில் கோட்டையே வெட்டி எடுப்பார்கள். அங்கே கோடுகள் ஒன்றையொன்று தொட்டுச் சூழ்ந்துவிடக் கூடாது, சூழ்ந்தால் நடுத்துண்டு விழுந்துவிடும். 2009இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்ட அந்தக் கலையின் மிகப் பழைய மாதிரிகள் சீனத்தின் வடமேற்கிலுள்ள துர்ஃபானில் கிடைத்த 6ஆம் நூற்றாண்டுத் துண்டுகள். அவையும் மடித்து வெட்டிய வட்டங்களே.

எனவே, காகிதவெட்டு என்று சொல்லி விற்கும் கட்டு கைக்கு வந்தால் ஒரு பல்குச்சியை எடுத்துக்கொண்டு சீட்டின் விளிம்புச் சட்டத்தில் தொடங்குங்கள். வெட்டாமல் விட்ட தாளாகக் காட்டியிருக்கும் பகுதியை விட்டுக் குச்சியைத் தூக்காமல் கொடி, இலை, முகம், கிரீடம் என்று ஒவ்வொன்றுக்கும் போய்ச் சேர முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அது கத்தியின் விதிக்குக் கட்டுப்பட்ட ஓவியம். நடுவில் ஓர் இலை யாரையும் தொடாமல் மிதந்துகொண்டிருந்தால், அது பெரும்பாலும் கணினியில் வரைந்து வெட்டுப்போல நிழல் சேர்த்த படம். ஒரு விலக்கு உண்டு: போலந்தின் வோவிச் வட்டாரத்தில் வண்ணத் தாள்களை வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுவார்கள், அங்கே மிதக்கும் துண்டுகள் நியாயமானவை. ஒற்றைத் தாள் வேலைக்கு இந்தச் சலுகை கிடையாது. ஐந்து ஹார்ட்டின் சீட்டை நினைத்துப் பாருங்கள். ஐந்து இதயங்களும் வெற்றிடத்தில் நிற்க வேண்டியவை. அவற்றைக் கொடியில் காய்த்தவைபோல இணைப்பதா, சட்டத்தோடு கட்டுவதா என்று யோசித்துத்தான் கலைஞர் தம் அழகையே கண்டடைகிறார்.

நேயர் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், உண்மையில் இதை யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் எனக்கு ஆசை: காகிதவெட்டுக்குச் சீட்டின் பின்பக்கம் இவ்வளவு எளிதாகவும் ராஜா ராணி இவ்வளவு கடினமாகவும் இருப்பது ஏன்? காகிதத்தை மடித்து வெட்டினால் கிடைப்பது கண்ணாடிச் சமச்சீர். டென்மார்க் எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் கதை சொல்லிக்கொண்டே பெரிய கத்தரிக்கோலால் மடித்த தாளை வெட்டிக் கடைசியில் விரித்துக் காட்டுவாராம். அவர் உருவங்கள் பலவற்றில் இடமும் வலமும் ஒன்றாகவே இருக்கும். தாளை நான்காக மடித்து வெட்டினால் மேல்கீழும் ஒத்துப்போகும், சீட்டைத் தலைகீழாகத் திருப்பினாலும் வேறுபாடு தெரியாது. பின்பக்கத்துக்கு வேண்டியது அதுதான். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் பரவிய இரட்டைத்தலை ராஜாவுக்கு வேண்டியது கண்ணாடிச் சமச்சீர் அன்று, அரைச்சுற்றுச் சமச்சீர். ராஜாவின் இடுப்பில் தாளை மடித்து வெட்டினால் வாள் இரண்டு முனைகளிலும் ஒரே பக்கத்தில் வந்து நிற்கும். சீட்டைத் திருப்பினால் வாள் பக்கம் மாறிவிடும். ஆகவே பாதி ராஜாவை வெட்டி, நகலெடுத்துச் சுற்றி ஒட்ட வேண்டும், அல்லது மடிக்காமல் முழுவதையும் கையால் வெட்ட வேண்டும். இரண்டாவது வழியில் வெட்டியதைக் கண்டுபிடிப்பது எளிது. இரண்டு முகங்களின் மீசையையும் ஒப்பிட்டால் போதும், மயிரிழை வேறுபாடு இருக்கும். அந்த வேறுபாட்டுக்காகவே நான் கட்டு வாங்குகிறவன்.

ஸ்பேட் ஏஸை மட்டும் ஏன் இத்தனை ஆடம்பரமாக வெட்டுகிறார்கள் என்பதற்குக் காரணம் கலையன்று, வரி. இங்கிலாந்தில் 1765 முதல், கட்டுக்கு வரி கட்டியதன் அடையாளமாக, அந்த ஒரு சீட்டை அரசின் முத்திரை அலுவலகமே அச்சிட்டது. போலி செய்ய முடியாதபடி நுணுக்கமாகச் செதுக்கினார்கள், போலி செய்த ரிச்சர்ட் ஹார்டிங் 1805இல் தூக்கிலிடப்பட்டார். சீட்டு வரி 1960இல்தான் ஒழிந்தது. வரி போனாலும் வழக்கம் போகவில்லை. கலைஞர் தம் முழுத் திறமையையும் காட்டுகிற சீட்டு இன்றும் அதுதான்.

இனி விலை. கையால் வெட்டிய மூலங்களுக்கு ஆகும் உழைப்பு சில ஆயிரம் கட்டுகளின் மேல் மட்டுமே பகிரப்படுகிறது. லட்சக்கணக்கில் அச்சாகும் ‘பைசிக்கிள்’ போன்ற சாதாரணக் கட்டோடு அதை ஒப்பிடுவது நியாயமாகாது. ஆனால் மேலே சொன்ன பல்குச்சிச் சோதனையில் தேறாத கட்டுக்கு அந்த விலையைக் கொடுக்க வேண்டாம். சட்டம் நான்கு பக்கமும் ஒரே அகலத்தில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்; அச்சிட்ட பெரிய தாளைச் சீட்டுகளாக வெட்டும்போது இம்மி நகர்ந்தாலும் மெல்லிய சட்டம் காட்டிக்கொடுத்துவிடும்.

பிரிப்பதா என்றால், பிரியுங்கள். மூடிய பெட்டிக்குள் பாலத்தைப் பார்க்க முடியாது. சென்னைபோன்ற கடலோர ஊரில் இருப்பவர் என்றால், பார்த்து முடித்ததும் கட்டை இறுக்கி அதே பெட்டியில் வைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றோடு காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். இல்லையென்றால் மழைக்காலத்தில் சீட்டு வளைந்துவிடும். விற்கும் எண்ணம் இருந்தால் மட்டும் இரண்டு வாங்கி ஒன்றைப் பிரிக்காமல் வையுங்கள்.