ட்ராக் சாவுக்கு எந்த நீள ரெயில்? கணக்கிட்டு வாங்குவோம்

[திரையில்: மேசைமேல் ஒரு முழு பிளைவுட் ஷீட்; அதன்மீது குறுக்காக 1400 மி.மீ. ரெயில்]

வணக்கம். ட்ராக் சா, அதாவது ரெயில்மீது ஓட்டிப் பலகையை நேராக அறுக்கும் மின்சார வட்டவாள், வாங்க வருகிறவர்கள் மோட்டாரின் வாட்டையும் பிளேடின் பற்களையும் துருவித் துருவி விசாரிப்பார்கள். அந்த வாள் ஓடப்போகிற அலுமினிய ரெயிலின் நீளத்தைப் பற்றி மட்டும் பெரும்பாலும் கேட்பதில்லை. அறுப்பு நேராக வருவதற்குக் காரணம் ரெயில்தான் என்பதால், அதன் நீளத்தை எப்படி முடிவு செய்வது என்பதை இந்த வீடியோவில் பார்ப்போம்.

நம் கடைகளில் அதிகம் விற்கும் பிளைவுட் ஷீட் எட்டுக்கு நான்கு அடி, அதாவது 2440-க்கு 1220 மி.மீ. அப்படியானால் 1220 மி.மீ. அறுப்புக்கு 1220 மி.மீ. ரெயில் போதுமா என்றால், போதாது. பிளேடு பலகைக்கு வெளியே இறங்கி, பலகை முழுவதையும் கடந்து, மறுபக்கம் வெளியே வந்த பிறகே மேலெழ வேண்டும். அந்த இரண்டு முனைகளுக்கும் ரெயிலில் இடம் வேண்டும்.

[திரையில்: பிளேடின் பக்கவாட்டு வரைபடம்]

எவ்வளவு இடம் என்பதைக் கணக்கிட்டே சொல்லலாம். பிளேடின் விட்டம் 160 மி.மீ., பலகையின் கனம் 18 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ரெயிலின் கனம் ஏறத்தாழ 5 மி.மீ.; பலகைக்கு அடியில் 2 மி.மீ. கூடுதலாக இறங்க வேண்டும். ஆக, வாளின் அடித்தட்டிலிருந்து பிளேடு 25 மி.மீ. கீழே நிற்கும். அந்த நிலையில், பலகையின் மேற்பரப்பு மட்டத்தில், பிளேடின் மையத்திலிருந்து முன்னும் பின்னும் சுமார் 53 மி.மீ. வரை பற்கள் நீண்டிருக்கும். எனவே தொடங்கும் பக்கம் 53, முடியும் பக்கம் 53 என்று மொத்தம் 106 மி.மீ. கட்டாயம் தேவை. 40 மி.மீ. கனமுள்ள கதவை அறுத்தால் பிளேடு இன்னும் ஆழமாக இறங்குவதால், இதே கணக்கு ஒரு பக்கத்துக்கு 70 மி.மீ. ஆகிவிடும்.

இது வெறும் பிளேடின் கணக்கு. தொடங்கும்போது அடித்தட்டின் பின்பகுதி ரெயிலுக்கு வெளியே தொங்கும். முடியும்போது முன்பகுதி தொங்கும். பிளேடின் மையத்தைத் தாண்டியும் சிறிது ரெயில் இருந்தால்தான் வாள் ஆடாமல் நிற்கும். அறுப்பின் நீளத்தோடு குறைந்தது 180 மி.மீ., கை பதறாமல் வேலை செய்ய 250 முதல் 300 மி.மீ. வரை கூட்டிக்கொள்வது என் வழக்கம்.

இப்போது 1400 மி.மீ. ரெயில் இத்தனை பரவலாக இருப்பதன் காரணம் புரியும். 1220-ஐக் கழித்தால் மிச்சம் 180. நான்கடி அகலத்தைக் குறுக்கே அறுக்க அது சரியாகப் போதும், தாராளம் என்று சொல்ல முடியாது. அறுப்பு தொடங்கும்போது அடித்தட்டின் முன்பக்கத்தையும், முடியும்போது பின்பக்கத்தையும் அழுத்திப் பிடியுங்கள்.

நீளவாக்கில் அறுப்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பெஸ்டூல் நிறுவனத்தின் வரிசையில் 800, 1080, 1400, 1900, 2400, 2700, 3000, 5000 மி.மீ. ரெயில்கள் உண்டு. 2400 என்ற எண் எட்டடியைப் போலத் தோன்றினாலும், ஷீட்டின் நீளத்தைவிட அது 40 மி.மீ. குறைவு. ஏழடிக் கதவுக்கு அது நல்ல ரெயில். எட்டடி ஷீட்டுக்கு 2700-லிருந்துதான் தொடங்க வேண்டும். பட்டறையில் இடம் இருந்தால் 3000 எடுத்துவிடுங்கள்.

[திரையில்: இரண்டு ரெயில்கள், அடியில் இணைப்புக் கம்பிகள்]

இரண்டு 1400 ரெயில்களை இணைத்தால் 2800 கிடைக்கிறதே என்று கேட்கலாம். கிடைக்கும், வீடு வீடாகப் போய் வேலை செய்கிறவர்களுக்கு, மூன்று மீட்டர் ரெயில் லிஃப்டிலும் காரிலும் நுழையாது என்பதால், அதுவே சரியான வழியும்கூட. ஆனால் இரண்டு முனைகளையும் முட்டவைத்து இறுக்குவதை மட்டும் செய்யாதீர்கள். முனை துல்லியமான செங்கோணத்தில் வெட்டப்பட்டிருக்கும் என்று நம்ப முடியாது. அதில் மயிரிழை கோணல் இருந்தாலும் மறுகோடியில் அது மில்லிமீட்டராக வளர்ந்து நிற்கும். நடுவில் ஒரு மி.மீ. இடைவெளி விட்டு, நேரானது என்று உறுதியாகத் தெரிந்த நீளமான ஒரு பட்டையை இரண்டு ரெயில்களின் பக்கவாட்டிலும் ஒட்டிவைத்து, அதற்குப் பிறகே திருகுகளை முடுக்குங்கள். பிசிறு தடுக்கும் ரப்பர் ஓரத்தில் பட்டையை வைக்கக் கூடாது, ரப்பர் நெளியும். இதை ஒவ்வொரு முறையும் செய்யப் பொறுமை இல்லாத பட்டறைக்காரர், இரண்டாவது 1400-க்குக் கொடுக்கும் பணத்தை ஒரே நீள ரெயிலில் போடுவது நல்லது.

குட்டி ரெயிலையும் ஏளனமாக நினைக்க வேண்டாம். 300 மி.மீ. அகலமுள்ள அலமாரித் தட்டின்மீது 1400 ரெயிலை வைத்தால், ஒரு மீட்டருக்கு மேல் வெளியே தொங்கி, ரெயில் சாயப் பார்க்கும். அங்கே 800 ரெயில் போதும். 600 மி.மீ. அகலமுள்ள பலகையை 45 பாகையில் அறுத்தால் அறுப்பின் நீளம் 850-ஐ நெருங்கிவிடும். அதற்கு 1080 தேவை.

இன்னொன்று: நீளத்துக்கு முன்னால் ரெயிலின் வகையைப் பாருங்கள். மகிட்டா வாள் பெஸ்டூல் ரெயிலில் ஓடும். பாஷின் எஃப்எஸ்என் ரெயில் வேறு அமைப்பு. அதில் மாஃபெல் வாள் ஓடும். டிவால்ட் ரெயிலோ தனி இனம். நீளம் பொருந்துகிறதே என்று வேறு வகை ரெயிலை வாங்கினால், வாளின் பள்ளம் அதன் மேட்டில் உட்காராது.

[திரையில்: தட்டையான பலகையில் பென்சில் கோடு]

நீள ரெயில் வந்து சேர்ந்ததும், முதல் அறுப்புக்கு முன்பே அதைச் சோதியுங்கள். ரப்பர் இல்லாத அலுமினிய ஓரத்தை ஒட்டி, கூரான பென்சிலால் முழு நீளத்துக்கும் ஒரு கோடு இழுங்கள். பிறகு ரெயிலைப் புரட்டாமல், முனைகள் இடம் மாறும்படி அரைவட்டம் சுற்றி, அதே ஓரத்தைக் கோட்டின் மறுபக்கத்தில் பொருத்துங்கள். ரெயிலில் வளைவு இருந்தால் நடுவிலோ முனைகளிலோ அது இரண்டு மடங்காகத் தெரியும். அப்படித் தெரிந்தால், அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போடாமல் அதே நாளில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.