பக்கத்தில் நிற்கிற வேலை

நேயர்களுக்கு வணக்கம்.

எங்களைத் தெருவில் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது, “பாத்துக்கிற ஆயாவா?” இல்லை என்றால், “அப்போ டீச்சரா?” அதுவும் இல்லை என்றதும் பேச்சு நின்றுவிடும். பதினெட்டு வயது தாண்டியவர்கள், அதிலும் அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ளவர்கள், தங்கள் அன்றாடத்தைத் தாங்களே நடத்திக்கொள்வதற்குப் பக்கத்தில் நிற்பதுதான் என் தொழில். வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், இவ்வளவுதான் நான் சுற்றும் வட்டாரம்.

குழந்தையாக இருக்கும்வரை சிறப்புப் பள்ளி, தெரபி என்று ஏதாவது ஒன்று இருக்கும். வயது ஏறிய பிறகு பெரும்பாலும் வீடும் டிவியும்தான். அம்மாவுக்கோ முட்டி தேய்ந்துகொண்டிருக்கும். “நான் போயிட்டா இவனை யாருங்க பாத்துப்பா?” என்று கேட்காத அம்மாவை நான் இதுவரை சந்திக்கவில்லை. அந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. ஆனால் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலைகளில் ஒரு பங்கை அவனே செய்யப் பழகிவிட்டால், வரப்போகிறவர் யாராக இருந்தாலும் அவருக்குச் சுமை குறையும். அவனுக்கும் ரோஷத்தோடு இருக்க முடியும்.

டீ போடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் அளப்பது, அடுப்பைப் பற்றவைப்பது, தூள் போடுவது, பால் ஊற்றுவது, பொங்கும்போது அணைப்பது, வடிகட்டுவது, சர்க்கரை கலக்குவது என்று வேலையை முதலில் துண்டு துண்டாகப் பிரித்து எழுதிக்கொள்வோம். வீடுகளில் முதல் துண்டிலிருந்து ஆரம்பிப்பார்கள். அவன் பாதியில் தடுமாறுவான். “விடு, நானே போட்டுடறேன்” என்று அம்மா கரண்டியைப் பிடுங்கிக்கொள்வார். நாங்கள் கடைசியிலிருந்து வருகிறோம். மற்றதெல்லாம் நான் செய்துவிடுவேன், சர்க்கரை போட்டுக் கலக்குவது மட்டும் அவன். அது கைவந்ததும் வடிகட்டுவதும் அவன். அப்படியே ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிப் போவோம். தினமும் அவன் கையால் முடிந்த டீயை அவனே குடிக்கிறான் அல்லவா, அந்த ருசிதான் மறுநாள் அவனை அடுப்படிக்கு இழுத்துவரும்.

உதவியையும் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்ற வேண்டும். முதலில் கையைப் பிடித்துக் காட்டுவது, அப்புறம் விரலால் சுட்டுவது, அப்புறம் வாயால் ஒரு சொல். கடைசியில் அதுவும் இல்லாமல் கதவோரம் நிற்பது. இந்தக் கடைசிக் கட்டம்தான் ரொம்பக் கஷ்டம். கை பரபரக்கும். சர்க்கரை சிந்தும், எறும்பு வரும், வாயைத் திறக்கக் கூடாது. படிகளை நினைவூட்டச் சுவரில் ஒட்டும் படங்களையும் வெளியிலிருந்து எடுப்பதில்லை. அவர்கள் வீட்டுப் பாத்திரம், அவர்கள் வீட்டுத் தூள் டப்பா, இவற்றையே போனில் படம் பிடித்து வரிசையாக ஒட்டுவோம்.

கேஸ் அடுப்பைப் பற்றிக் குடும்பத்தார் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. வலிப்பு வருபவர் என்றால் இண்டக்ஷன் அடுப்பு வாங்கச் சொல்வேன். கொதிக்கிற கஞ்சியை வடிக்கவே வேண்டாம், எலக்ட்ரிக் குக்கர் போதும். சாதனத்தை மாற்றினால் தீர்கிற விஷயத்துக்காக ஆளையே சமையலறைக்கு வெளியே நிறுத்துவதை மட்டும் நான் ஒத்துக்கொள்வதில்லை.

சமையலைவிட முக்கியமானது, என்ன வேண்டும் என்று கேட்பது. நாற்பதைத் தாண்டிய ஓர் அக்கா. மூளை முடக்குவாதம், பேச்சு தெளிவாக வராது, படப் பலகையில் விரல் வைத்துத்தான் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டிலிருந்து எந்த மீன் வந்தாலும் முள் எடுத்துப் பிசைந்து ஊட்டிவிடுவார்கள். என்ன மீன் வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. சங்கரா, நெத்திலி, கானாங்கெளுத்தி, வஞ்சிரம் எல்லாவற்றின் படத்தையும் பலகையில் சேர்த்தோம். அக்கா விரலை வைத்தது வஞ்சிரத்தில். “விலை தெரியுமா உனக்கு?” என்று அண்ணன் சிரித்தார். சரி, விலையையும் சொல்லுங்கள் என்றேன். பேரம் நடந்தது. மாதம் ஒரு தடவை வஞ்சிரம், மற்ற வாரங்களில் சங்கரா என்று முடிந்தது.

அடுத்தது பணம். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குத் தமிழக அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை 2023-இல் மாதம் 2,000 ரூபாயாக உயர்ந்தது. பாஸ்புக் யார் கையில் இருக்கிறது என்று பார்த்தால் அண்ணன் கையில், இல்லை மாமா கையில். நாங்கள் கணக்குத் திறக்கப் போன ஒரு வங்கியில், வந்தவரிடம் ஒரு வார்த்தை பேசாமல், “கார்டியன் எங்கே?” என்று என்னைக் கேட்டார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், சொத்து வைத்திருக்கவும் பணத்தை நிர்வகிக்கவும் மற்றவர்களுக்குச் சமமான உரிமை உண்டு என்கிறது. சமூகத்தோடு வாழும் உரிமையையும் அதே சட்டம் சொல்கிறது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் தலைமையிலான குழு மூலம் பாதுகாவலரை, அதாவது கார்டியனை, நியமிக்க வழி இருக்கிறது. சிலருக்கு அது தேவைதான். எடுத்த எடுப்பிலேயே அதற்கு ஓட வேண்டியதில்லை என்பது என் கருத்து. அவர் என்ன முடிவெடுக்க முடியும் என்று முதலில் பார்க்கலாமே.

வெளியே போவது தனிக்கதை. 2021-இல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தது. ஸ்டேஷனில் லிஃப்ட் இருக்கிறது, சக்கர நாற்காலி உள்ளே போகிறது. இறங்கிய பிறகு நடைபாதையில் பைக், தள்ளுவண்டி, திறந்த பள்ளம். பழைய ஹவுசிங் போர்டு வீட்டில் மூன்றாவது மாடி என்றால் அந்தப் பயணம் தொடங்கவே தொடங்காது. சக்கர நாற்காலி ஏறும் சரிவுப் பாதைக்கு ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது அளவு. நம் சந்துகளில் அந்தப் பன்னிரண்டு அடிக்கு எங்கே போவது?

இந்த வேலைக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒளிக்காமல் சொல்கிறேன், சம்பளம் குறைவு. குளிப்பாட்டவும் கழிவறைக்குக் கூட்டிப் போகவும் வேண்டியிருக்கும், அதனால் ஆண்களும் தேவை. வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். சமூகப் பணியோ உளவியலோ சிறப்புக் கல்வியோ படித்தவர்கள் வரலாம். பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் முட்டுக்காட்டில் படிப்புகள் நடத்துகிறது. எண்ணூரிலிருந்து அது ஊரின் மறுகோடி, பயண நேரத்தையும் கணக்கில் வையுங்கள். எங்கே சேர்ந்தாலும் பணம் கட்டுவதற்கு முன்னால், அந்தப் படிப்புக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டு, கடிதத்தைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். வாயால் இருக்கிறது என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

நன்றி, வணக்கம்.