அதே நாற்காலியில் உட்கார்ந்தவர்கள்

(சமூகப்பணி மாணவர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகளே, படிப்பு முடிந்ததும் வேலை நிமித்தமாக ஏதோ ஒரு வீட்டின் கதவைத் தட்டப் போகிறவர்கள் நீங்கள். இன்று சொல்லப்போவது, அமெரிக்காவில் அரசு பிரித்த பிள்ளைகளுக்காகப் பெற்றோர் போராடிய கதை. அதனால் ஒரு வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

1999 ஜனவரி, நியூயார்க் நகரத்தின் புரூக்ளின். ஷார்வ்லின் நிக்கல்சன் இரண்டு பிள்ளைகளின் தாய். மகன் பள்ளிக்கூடம் போயிருந்தான், கைக்குழந்தை பக்கத்து அறையில் தொட்டிலில் கிடந்தது. வெளியூரிலிருந்து பார்க்க வந்த குழந்தையின் தகப்பன் அவரை அடித்து நொறுக்கினான். கை முறிந்தது, விலா எலும்பு உடைந்தது, தலையில் காயம். அந்த நிலையிலும் அவர் போலீசுக்குப் போன் செய்தார். ஆம்புலன்ஸ் ஏறுவதற்கு முன் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுப் பிள்ளைகளை ஒப்படைத்தார். ஒரு தாய் இதைவிட என்ன செய்துவிட முடியும்?

அன்றிரவே நகரத்தின் குழந்தை நலத்துறை பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அவர் அடி வாங்கியதே அவர்மேல் குற்றமாயிற்று. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வன்முறை நடக்க விட்டாராம், அது கவனிப்புத் தவறாம். பிள்ளைகள் திரும்பி வர மூன்று வாரம் ஆயிற்று. குழந்தையைப் பிரிந்து சில நாள் ஆனாலே தாய் எந்த நிபந்தனைக்கும் சம்மதித்துவிடுவார் என்று துறையைச் சேர்ந்தவரே பின்னால் சாட்சியம் சொன்னார். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. உங்களில் யாரும் நாளை அந்த நாற்காலியில் உட்கார்ந்து இப்படி ஒரு வாக்கியம் சொல்லக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

நிக்கல்சன் சும்மா இருக்கவில்லை. அவரைப் போலவே பிள்ளைகளை இழந்த மற்றத் தாய்மாரும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2002இல் நீதிபதி ஜாக் வைன்ஸ்டைன், துறை செய்தது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றார். 2004இல் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், தாய் அடி வாங்கினார், பிள்ளை அதைப் பார்த்தது என்ற காரணம் மட்டும் கவனிப்புத் தவறு ஆகாது என்று தெளிவாக்கியது. வீட்டில் விட்டால் வரும் ஆபத்தைப் பார்க்கிறீர்களே, பிரிப்பதால் வரும் கேட்டையும் எடைபோடுங்கள் என்றது. பிரிப்பதும் ஒரு காயம் என்று ஒரு நீதிமன்றம் ஒப்புக்கொண்டது சின்ன விஷயமில்லை.

துறைக்கும் ஒரு கதை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 1995 நவம்பரில் நியூயார்க்கில் ஓர் ஆறு வயதுச் சிறுமி தாயின் கையாலேயே அடிபட்டுச் செத்தாள். எச்சரிக்கைகள் வந்தும் யாரும் காப்பாற்றவில்லை. ஊரே கொதித்தது. 1996இல் தனித் துறையே உண்டாயிற்று. அப்படி ஒரு சாவு நடந்த பிறகு எந்த ஊழியருக்கும் பயம் வரும். 'விட்டுவிட்டு ஏதாவது ஆகிவிட்டால்?' என்ற பயத்தில் பிள்ளையைத் தூக்குவதே பாதுகாப்பு என்று தோன்றிவிடும். அந்தப் பயத்துக்கு விலை கொடுப்பவர்கள் பெரும்பாலும் ஏழைகள், கறுப்பினத்தவர்கள், லத்தீன் குடும்பங்கள். அமெரிக்கா முழுவதையும் எடுத்துக்கொண்டால், கறுப்பினக் குழந்தைகளில் 53 சதவீதம் பேர் 18 வயதுக்குள் ஒருமுறையாவது குழந்தை நலத்துறையின் விசாரணைக்கு ஆளாகிறார்கள் என்று 2017இல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பிரிக்கப்படும் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களின் கோப்பில் இருக்கும் காரணம் அடியோ உதையோ இல்லை, கவனிப்புத் தவறு. அந்தச் சொல்லுக்குள் வாடகை கட்ட முடியாத வீடு இருக்கும், காலியான ஃபிரிட்ஜ் இருக்கும், ராத்திரி ஷிப்டுக்குப் போன தாய் இருப்பார்.

இதில் கடிகாரம் வேறு ஓடுகிறது. 1997இல் வந்த அமெரிக்கச் சட்டப்படி, கடந்த 22 மாதத்தில் 15 மாதம் பிள்ளை ஃபாஸ்டர் வீட்டில், அதாவது அரசு ஏற்பாடு செய்த வளர்ப்பு வீட்டில், இருந்தால், சில விதிவிலக்குகள் போக, பெற்றோரின் உரிமையையே ரத்து செய்யச் சொல்லி மாநிலம் மனுப் போட வேண்டும். வீடு கிடைக்கவே இரண்டு வருஷம் காத்திருக்கும் தாய்க்கு 15 மாதம் எம்மாத்திரம்?

இங்கேதான் பெற்றோர் ஒன்றுசேர்ந்த கதை வருகிறது. 1994இல் நியூயார்க்கில், பிள்ளைகளைப் பறிகொடுத்து மீட்ட பெற்றோரும் அவர்களுக்குத் துணை நின்றவர்களும் ஓர் அமைப்பைக் கட்டினார்கள். ஆங்கிலப் பெயரைத் தமிழில் சொன்னால், குழந்தை நல அமைப்பாக்கத் திட்டம். 2005இல் 'ரைஸ்' என்ற பத்திரிகை வந்தது. எழுதியவர்கள் அந்தப் பெற்றோரே. அதுவரை அவர்களைப் பற்றி ஊழியர்தான் எழுதினார், கோப்பில்.

2007இல் நகரம் பெற்றோருக்காக வாதாட வக்கீல், சமூகப்பணியாளர், இதே அனுபவத்தைக் கடந்து வந்து மற்றப் பெற்றோருக்குத் துணை நிற்கும் பெற்றோர் எல்லோரும் ஒரே அலுவலகத்தில் இருக்கும்படி ஏற்பாடு செய்தது. 2019இல் வெளியான ஆய்வில், அந்த அலுவலகங்கள் எடுத்துக்கொண்ட வழக்குகளில் பிள்ளைகள் முதல் நான்கு ஆண்டுகளில் சராசரியாக 118 நாள் குறைவாகவே ஃபாஸ்டர் வீட்டில் இருந்தார்கள். பாதுகாப்பு குறையவில்லை. 118 நாள் என்பது ஒரு குழந்தை நடக்கக் கற்றுக்கொள்ளும் காலம்.

இன்னொன்று, பிள்ளைகளைக் கொடுமைப்படுத்தியதாக, கவனிக்காமல் விட்டதாகத் துறை முடிவு செய்தவர்களின் நியூயார்க் மாநிலப் பதிவேடு. அதில் ஒருமுறை பெயர் ஏறினால், கடைசிப் பிள்ளைக்கு 28 வயது ஆகும்வரை அழியாது. குழந்தைக் காப்பகத்தில் வேலை கேட்டுப் போகும் பெண் அந்தப் பெயரோடுதான் நிற்க வேண்டியிருந்தது. பெற்றோர் மாநிலத் தலைநகர் ஆல்பனிக்குப் பஸ் பிடித்துப் போய்ப் போய்ப் பேசினார்கள். 2020இல் சட்டம் மாறியது. பெயரை ஏற்றவே கூடுதல் ஆதாரம் தேவை. கவனிப்புத் தவறு வழக்கென்றால் 8 ஆண்டுக்குப் பிறகு வேலை தருபவர்களுக்கு அது தெரியாது. கதவைத் தட்டும் ஊழியர் முதலில் உரிமைகளைச் சொல்ல வேண்டும் என்பதும் அவர்களின் கோரிக்கை. டெக்சாஸ் 2023இல் அதைச் சட்டமாக்கிவிட்டது. பெயர் சொல்லாமல் புகார் கொடுப்பதையும் அதே ஆண்டில் அங்கே நிறுத்தினார்கள்.

சட்டத்தைவிட எனக்கு நெருக்கமானது நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெம் பகுதியில் ஒரு கூட்ட அறை. பிள்ளையை எடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் கூட்டம். மேஜையைச் சுற்றி அதிகாரிகள், எதிரே ஒற்றை ஆளாகத் தாய். அந்த மேஜையில் பயிற்சி பெற்ற ஒரு பெற்றோரையும் உட்கார வைக்க, 1994இல் பெற்றோர் கட்டிய அந்த அமைப்பு நகரத்தைச் சம்மதிக்க வைத்தது. அவர் அந்தத் தாயின் அதே நாற்காலியில் ஒரு காலத்தில் உட்கார்ந்து அழுதவர். "என் பிள்ளையையும் எடுத்துப் போனாங்கம்மா, நான் திரும்ப வாங்கிட்டேன்" என்று அவர் சொல்லும்போது தாய்க்கு வரும் நிம்மதி மூச்சு, எந்தப் பட்டதாரி சொன்னாலும் வராது. கோபத்தில் கத்தினால் அதுவும் கோப்பில் ஏறும் என்று காதோடு சொல்வார். பிறகு யாரும் கேட்காத கேள்வியைக் கேட்பார்: "பாட்டி இருக்காங்களா? உன் தங்கச்சி வீடு எங்க இருக்கு? இன்னிக்கு ராத்திரி பிள்ளையை யார் வீட்டுல படுக்க வைக்கலாம்?"