பட்டிஸ்டா ஏன் அடுத்த ராக் ஆகல?

வணக்கம் மக்களே! போன வீடியோ ராக், அதாவது ரெஸ்லரா இருந்து ஹாலிவுட் ஹீரோ ஆன டுவைன் ஜான்சன் பத்திப் போட்டேன். கமெண்ட்ல பாதிப் பேரு "பட்டிஸ்டா எங்க ப்ரோ?"ன்னு கேட்டிருந்தீங்க. நியாயமான கேள்விதான். ரெஸ்லிங்ல இருந்து சினிமாவுக்குப் போனவங்கள்ல பெரிய ஸ்டார் யாருன்னா ராக், அதுல பேச்சே இல்ல. ஆனா நல்ல நடிகர் யாருன்னு கேட்டா நான் டேவ் பட்டிஸ்டாவைத்தான் சொல்லுவேன். ராக் ஃபேன்ஸ் சண்டைக்கு வர்றதா இருந்தா முழுசா பாத்துட்டு வாங்க.

டென் ஸ்போர்ட்ஸ் சேனல்ல ரெஸ்லிங் பாத்து வளந்தவங்களுக்கு அறிமுகம் தேவையில்ல. கையால மெஷின் கன் சுடற மாதிரி என்ட்ரி, ஆளைத் தூக்கி அடிக்கற பட்டிஸ்டா பாம். 2007-ல நம்ம கிரேட் காளிகிட்ட இருந்து சாம்பியன் பெல்ட்டைப் பிடுங்கினதுக்காக இன்னிக்கும் இவர் மேல காண்டா இருக்கற ஆளுங்க எனக்குத் தெரியும்.

ஆனா அப்போ நமக்குத் தெரியாத விஷயம், அவரு வயசு. 1969-ல பொறந்தவரு. வாஷிங்டன்ல வறுமையில வளந்து, கிளப் வாசல்ல பவுன்சரா நின்னவரு. டபிள்யூசிடபிள்யூங்கற ரெஸ்லிங் கம்பெனில பயிற்சி எடுக்கப் போன இடத்துல, நீ தேற மாட்டேன்னு அனுப்பிட்டாங்க. டென் ஸ்போர்ட்ஸ்ல நாம பாத்த கம்பெனியான டபிள்யூடபிள்யூஇ டிவில முகம் தெரிஞ்சது 2002-ல, 33 வயசுல. அதுவும் எப்படி? டி-வான்னு ஒருத்தர் பாதிரியார் வேஷத்துல வருவாரு, அவரு பின்னாடி உண்டியல் பெட்டியைத் தூக்கிட்டு நிக்கற அடியாளா. வாயைத் திறக்கற வேலையே இல்ல. மூணே வருஷத்துல அந்தக் கம்பெனியோட வருஷத்துப் பெரிய ஷோவான ரெஸில்மேனியா 21-ல அப்போதைய சாம்பியன் ட்ரிபிள் ஹெச்சை ஜெயிச்சு சாம்பியன். அடுத்த ஜனவரில ட்ரைசெப்ஸ், அதாவது கையோட பின்பக்கத் தசை, கிழிஞ்சு, யார்கிட்டயும் தோக்காமலே பெல்ட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாப் போச்சு.

"அது எல்லாமே டூப்பு ப்ரோ"ன்னு எழுத வர்றீங்கள்ல, கொஞ்சம் இருங்க. யாரு ஜெயிக்கணும்னு முன்னாடியே முடிவு பண்றாங்க, சரி. விழறது யாரு? அந்த கேன்வாஸுக்கு அடியில மெல்லிசா ஒரு ஃபோம், அதுக்குக் கீழ பலகை, அதுக்கும் கீழ இரும்பு. வருஷக்கணக்கா அதுல முதுகு அடிச்சு விழணும். இதுல கம்பெனி கணக்குல இவங்க ஊழியர்களும் கிடையாது, ஒப்பந்தக்காரங்க. அதனாலதான் 40 வயசு நெருங்கும்போது ஒவ்வொரு ரெஸ்லரும் வேற வழி தேடறாங்க.

பட்டிஸ்டா 2010-ல வெளிய வந்தாரு. வெளிய வந்ததும் ஹாலிவுட் ஆரத்தி எடுத்து வரவேற்கல. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி சின்ன பட்ஜெட் படம் ஒண்ணுல தலை காட்டியிருந்தாரு. அதுல தன் நடிப்பு படு கேவலம்னு அவரே பேட்டில சொல்லிருக்காரு. எனக்கு இவரைப் பிடிச்சுப்போன இடம் அதுதான். கேவலமா நடிச்சோம்னு தெரிஞ்ச உடனே கத்துக்கணும்னு வெறி வந்திருக்கு, கோச் வெச்சுக் கத்துக்கிட்டாரு. வேலை வரல. கையில இருந்த காசு கரைஞ்சது, வீடு போச்சு, கடன் வாங்கற நிலைமை. நடுவுல 2012-ல எம்எம்ஏ, அதாவது நிஜமாவே அடிச்சுக்கற சண்டைப் போட்டியோட கூண்டுக்குள்ள ஒரே ஒரு ஃபைட் போட்டு, அதை முதல் ரவுண்டுலயே ஜெயிச்சாரு. 43 வயசுல!

அப்புறம்தான் மார்வெல், டிராக்ஸ் கேரக்டர், ஆடிஷன் குடுத்து வாங்கினது. இங்க ஒரு செம வேடிக்கை. 2014 ஜனவரில டபிள்யூடபிள்யூஇக்குத் திரும்பி வந்து ராயல் ரம்பிள்ங்கற 30 பேர் போட்டியை ஜெயிக்கறாரு. அரங்கமே ஊளையிடுது, ஏன்னா ஜனங்க ஜெயிக்கணும்னு கேட்டது டேனியல் பிரையன்ங்கற ரெஸ்லரை. ஜூன்ல மறுபடி கிளம்பிட்டாரு. ஆகஸ்ட்ல அந்த மார்வெல் படம் "கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி" ரிலீஸ். ஜனவரில விரட்டின அதே ஆளை உலகமே உக்காந்து ரசிச்சுச்சு.

இப்போ ராக் விஷயத்துக்கு வர்றேன். ராக் ரிங்ல மைக்கைப் பிடிச்சு எப்படிப் பேசினாரோ, அதே புருவத்தோட, அதே தெனாவட்டோட சினிமாவுக்குள்ள வந்தாரு. எந்தப் படம் பாத்தாலும் அது ராக்தான். தப்புன்னு சொல்லல, அதுக்குத்தான் கூட்டம் வருது. பட்டிஸ்டா அந்த ரூட்டே எனக்கு வேணாம்னுட்டாரு. ரிங்ல நடிக்கறது கடைசி வரிசைல உக்காந்திருக்கறவனுக்கு. வலின்னா உடம்பு மொத்தமும் வலிக்கணும், கோபம்னா கத்தணும். கேமரா மூஞ்சிக்கு நேரா நிக்கும்போது அதெல்லாம் ஓவர் ஆக்டிங். கத்துக்கிட்டதை அவுத்துப் போடணும், அதுதான் கஷ்டம்.

அதை அவரு எங்க சாதிச்சாருன்னா "பிளேட் ரன்னர் 2049", 2017. டைரக்டர் வில்நெவ் முதல்ல இவரு வயசு பத்தாதுன்னு நெனச்சிருக்காரு, அப்புறம் மேக்கப் போட்டு வயசைக் கூட்டினாங்க. படம் ஆரம்பிச்சதும் வர்ற சீன். புழு வளக்கற விவசாயி. வீட்டுக்குள்ள வர்றாரு, கை கழுவறாரு, அடுப்புல ஏதோ கொதிக்குது. அவ்ளோ பெரிய மூஞ்சில இத்தனூண்டு கண்ணாடி. தன்னைக் கொல்ல வந்தவன் எதிர்ல உக்காந்திருக்கான்னு தெரியும், குரல் உயரவே இல்ல. சண்டைக்கு முன்னாடி இருக்கற அந்த ரெண்டு மூணு நிமிஷம் இருக்கே, அந்த உடம்புக்குள்ள அவ்ளோ களைப்பு! அதுக்கு முன்னாடி ஜேம்ஸ் பாண்ட் படம் "ஸ்பெக்டர்"ல இதே ஆளுக்கு மொத்தமே ஒரு வார்த்தை வசனம், அதுவும் கெட்ட வார்த்தை.

அந்த பிளேட் ரன்னர் சீனைப் பாத்துதான் டைரக்டர் ஷியாமளன், ஆமா, நம்ம பாண்டிச்சேரி யூனியன்ல இருக்கற மாஹேல பொறந்தவர்தான், 2023-ல "நாக் அட் தி கேபின்"ல இவரைப் போட்டாரு. ரெண்டாம் கிளாஸ் வாத்தியார் ரோல். பக்கம் பக்கமா வசனம். படம் எனக்கு சுமார்தான், இவருக்காக ரெண்டு தடவை பாத்தேன்.

அந்தப் படத்துக்கு உடம்பை ஏறத்தாழ 143 கிலோவுக்கு ஏத்தினவரு, அப்புறம் 109 வரைக்கும் இறக்கிட்டாரு. மத்த நடிகர்கள் பக்கத்துல நின்னா கொரில்லா மாதிரி தெரியறேன்னு அவரே சொன்னாரு. "ஐயோ பட்டிஸ்டாவுக்கு என்ன நோய்?"னு தம்ப்நெயில் போட்டவங்களே, ஒண்ணும் இல்ல, அவரா இறக்கினது. சம்பாதிச்சுக் குடுத்த உடம்பை 50 தாண்டி ஒரு மனுஷன் வேணும்னே கரைக்கறாரு. ராக் தன்னோட வழக்கமான இமேஜை விட்டுட்டு நடிக்க 2025 வரைக்கும் ஆச்சு, "தி ஸ்மாஷிங் மெஷின்"ல. பாராட்டறேன், ஆனா லேட்டு.

காமெடியில இன்னொரு ரெஸ்லர் ஜான் சீனா இவங்க ரெண்டு பேரையும் தூக்கிச் சாப்பிட்டுடுவாரு, அது தனி வீடியோவுக்கான மேட்டர். அவரும் 2025 டிசம்பரோட ரிங்கை முடிச்சுட்டாருல்ல, அடுத்தது அவருதான். அதுவரைக்கும் அந்த பிளேட் ரன்னர் சீனை மட்டுமாவது பாத்துட்டு, நான் சொன்னது ஓவரான்னு கீழ எழுதுங்க. ராக் ஃபேன்ஸ், நீங்களும்தான்.