சர்க்கரை அளவும் சாட்சிக் கூண்டும்

அவைத் தலைவர் அவர்களே, செவிலியர் நண்பர்களே, சர்க்கரை நோயோடு வாழ்பவர்களே, அவர்களை வீட்டில் பார்த்துக்கொள்பவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘சிகிச்சையும் அன்றாட ஆதரவும்’. சிகிச்சை மட்டும் என்றால் மாத்திரைப் பெயர்களை ஒப்பித்துவிட்டு நல்ல பெயரோடு இறங்கிவிடலாம். ஆதரவையும் சேர்த்துவிட்டீர்கள். அதனால் மருத்துவர்களையும் குடும்பத்தாரையும் கொஞ்சம் வம்புக்கு இழுக்க வேண்டியிருக்கிறது.

வெளிநோயாளர் பிரிவில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வித்தை கைவந்துவிடும். நோயாளி நீட்டும் சர்க்கரைக் குறிப்பேட்டைத் திறந்ததுமே, அது அன்றன்றைக்கு எழுதியதா, முந்தின இரவு உட்கார்ந்து எழுதியதா என்று சொல்லிவிடலாம். முந்தின இரவு எழுதியதில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே பேனா, ஒரே சாய்வு. 110, 120, 130 என்று எல்லா எண்ணும் பூஜ்யத்தில் முடியும். குளுக்கோமீட்டருக்கு அவ்வளவு ஒழுக்கம் கிடையாது. 117 காட்டும், 163 காட்டும். உண்மையான குறிப்பேட்டில் மூலை மடங்கியிருக்கும், நடுவில் நான்கு நாள் காலியாகக் கிடக்கும், எங்காவது ஓரத்தில் விரல் பட்ட இரத்தம் பழுப்பாகக் காய்ந்திருக்கும்.

கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாக மகிழ்கிற மருத்துவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒருவர் தன் உடம்பைப் பற்றித் தன் மருத்துவரிடமே பொய்க் கணக்குக் காட்டுகிறார் என்றால், முன்பு உண்மையைச் சொன்ன நாளில் அவருக்கு என்ன கிடைத்தது என்று யோசிக்க வேண்டும். 240 என்று எழுதிக்கொண்டு வந்தார். ‘என்ன சாப்பிட்டீர்கள்?’ என்று குறுக்கு விசாரணை நடந்தது. வீட்டுக்குப் போனதும் அதே விசாரணை இன்னொரு முறை. அடுத்த தடவை அவர் 120 எழுதக் கற்றுக்கொண்டார். அதை நம்பி நாம் மருந்தை மாற்றாமல் விட்டோம். நஷ்டம் யாருக்கு?

அந்த 240க்குச் சாப்பாடு ஒன்றுதான் காரணமா? காய்ச்சல் ஏற்றும். ஈறில் சீழ் பிடித்தால் ஏறும். மூச்சிரைப்புக்குக் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரை ஏற்றும். தூக்கம் கெட்டால் ஏறும். இரவு ஒன்றும் சாப்பிடாமல் படுத்தவருக்கு, விடியற்காலையில் சுரக்கும் ஹார்மோன்களின் தூண்டுதலில் கல்லீரல் குளுக்கோஸைக் கொட்டிவிடுவதால், காலையில் ஏறியிருக்கும். வெயிலில் கிடந்து வீரியம் இழந்த இன்சுலினாக இருக்கலாம். பழம் உரித்த கையைக் கழுவாமல் விரலைக் குத்தினால்கூட மீட்டர் கூட்டித்தான் காட்டும். இத்தனை காரணங்கள் இருக்க, நாம் முதலில் சந்தேகப்படுவது அந்த மனிதரின் நாக்கை.

இந்த எண் நோயாளியின் கைக்கு வந்ததே ஒரு போராட்டம்தான். இரத்தச் சர்க்கரையை அளக்கும் முதல் கருவிகளை மருத்துவர்களுக்கும் ஆய்வகங்களுக்கும் மட்டும்தான் விற்றார்கள். அமெரிக்காவில் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்ற பொறியாளர், சிறு வயதிலிருந்து முதல் வகை நீரிழிவோடு (உடம்பில் இன்சுலின் சுரப்பு நின்றுபோகும் வகை) வாழ்ந்தவர், 1969 வாக்கில் மருத்துவரான தம் மனைவியின் பெயரில் ஒன்றை வரவழைத்தார். ஒரு நாளில் பலமுறை தம் இரத்தத்தைத் தாமே அளந்து, இன்சுலினை அதற்கேற்ப மாற்றிப் பார்த்தார். அவர் கண்டதை மருத்துவ இதழ்கள் ஏற்கவில்லை. மனிதர் சளைக்கவில்லை, நாற்பது வயதைத் தாண்டிய பிறகு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து டாக்டராகிவிட்டார். அவர் சொன்ன உணவுமுறையில் எனக்குச் சில கேள்விகள் உண்டு. ஆனால் அளப்பது நோயாளியின் உரிமை என்பதில் அவர் பக்கம்தான் நான். அப்படிப் பெற்ற எண்ணை நாம் இன்று நோயாளிக்கு எதிரான சாட்சியாக்கி வைத்திருக்கிறோம்.

மூன்று மாதச் சர்க்கரை என்று எல்லோரும் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனைக்கு வருகிறேன். சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. அதில் ஒட்டிய சர்க்கரையை வைத்துப் போடுகிற சராசரி அது. சராசரிக்குள் பல விஷயங்கள் மறைந்துகொள்ளும். ஒரு நாள் 50, மறுநாள் 250 என்று ஊசலாடுகிறவருக்கும், நிதானமாக 150ஐச் சுற்றியே இருப்பவருக்கும் ஏறக்குறைய ஒரே விடை வரலாம். இரத்தசோகை இருந்தால் விடையே தடம் மாறலாம்.

சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் பிழைக்கும் என்பதில் சந்தேகமே வேண்டாம். முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேரை வைத்து நடத்தி 1993இல் வெளியான பெரிய ஆய்வு அதை நிறுவிவிட்டது. அதே ஆய்வில், கடுமையாகக் கட்டுப்படுத்திய குழுவில் ஆபத்தான தாழ்சர்க்கரை சுமார் மூன்று மடங்கு இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டாம் வகை நீரிழிவோடு இதய ஆபத்தும் உள்ளவர்களில் ஒரு குழுவுக்கு எச்பிஏ1சி அளவை 6 சதவீதத்துக்கும் கீழே இறக்கப் பார்த்த இன்னொரு ஆய்வில், அந்தக் குழுவில் இறப்புகள் கூடியதால் 2008இல் அந்தத் தீவிர சிகிச்சையை நிறுத்தினார்கள். ஆகவே இளைஞருக்கு 7க்குக் கீழ் என்பது சரி. தனியாக வாழ்கிற, இதயமும் சிறுநீரகமும் தளர்ந்த எண்பது வயதுப் பெரியவருக்கு 8 என்றால் நான் நிம்மதியாக உறங்குவேன்.

இப்போது தாழ்சர்க்கரை. வீட்டில் இருப்பவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். அளவு 70க்குக் கீழே போனால் வியர்க்கும், கை நடுங்கும், படபடக்கும், அகோரமாகப் பசிக்கும். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. இன்னொன்று, சிலர் எரிந்து விழுவார்கள். சாதுவான மனிதர் காரணமே இல்லாமல் கத்துவார். மூளைக்குக் குளுக்கோஸ் போதவில்லை. வீடு அதைச் சண்டை என்று எடுத்துக்கொண்டு பதிலுக்குக் கத்தும். அந்த நேரத்தில் பதில் பேசாமல் விரலைக் குத்திப் பாருங்கள். 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் பொறுத்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை கொடுங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு வேகத்தைக் குறைத்துவிடும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் ஊசி இருந்தால் போட்டு, ஆம்புலன்சை அழையுங்கள். கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளால் இறங்கியது என்றால், ஏறிய பிறகு மறுபடி இறங்கலாம். ‘சரியாகிவிட்டது’ என்று விட்டுவிட்டுப் போகக் கூடாது.

நள்ளிரவில் அம்மா சமையலறையில் நின்று சர்க்கரையை வாயில் போட்டுக்கொள்கிறார். மகள் விளக்கைப் போடுகிறாள். ‘திருட்டுத் தீனியா?’ அம்மா பதில் சொல்லாமல் டப்பாவை மூடிவிடுகிறார். உண்மையில் அவர் நடுக்கத்தோடு எழுந்து, தன் உயிரைத் தானே காப்பாற்றிக்கொண்டிருந்தார். அடுத்த முறை இறங்கும்போது, திட்டு வாங்கப் பயந்து படுத்தே கிடந்தால்? இனிமேல் ‘என்ன சாப்பிட்டாய்?’ என்பதற்குப் பதிலாக ‘எவ்வளவு இருந்தது? என்ன செய்யட்டும்?’ என்று கேட்டுப் பாருங்கள். இன்னொன்றும் செய்யலாம்: வீட்டில் அவருக்கு மட்டும் தனி உலை வைக்காமல், எல்லோருமே அவர் சாப்பிடுவதைச் சாப்பிடலாம். யாருக்கும் கெடுதல் இல்லை.

மருத்துவ நண்பர்களே, உங்களுக்கும் ஒன்று. இன்சுலின் அளவை ஏற்றிக்கொண்டே போகிறீர்கள், சர்க்கரை அடங்கவில்லை. அந்த வயிற்றை ஒருமுறை தொட்டுப் பார்த்தீர்களா? தினமும் வலிக்காத அதே இடத்தில் போட்டுப் போட்டு, தோலுக்கடியில் கொழுப்புக் கட்டி திரண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தட்டுப்படும். அதில் போட்ட இன்சுலின் எப்போது இரத்தத்தில் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. இடத்தை மாற்றச் சொல்லுங்கள். ஆனால் நல்ல தோலில் அதே அளவைப் போட்டால் திடுமென்று இறங்கிவிடும். அளவைக் குறைத்துத் தொடங்குங்கள். ‘நீங்கள் சரியாக ஊசி போடுவதில்லை’ என்று திட்டுவதைவிட இதற்கு இரண்டு நிமிடம் குறைவாகவே ஆகும்.

கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரை பார்ப்பது, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் இருக்கிறதா என்று பார்ப்பது, இரண்டும் வழக்கமாக ஆண்டுக்கு ஒருமுறை. தொந்தரவு இல்லையே என்று தள்ளிப்போடாதீர்கள். தொந்தரவு தெரியும் கட்டத்தில் பாதி வேலை கைநழுவிப் போயிருக்கும். காய்ச்சல், வாந்தி வந்து சாப்பிட முடியாத நாளில் முதல் வகைக்காரர்கள் இன்சுலினை அடியோடு நிறுத்தவே கூடாது. அந்த நாளில் எந்த மாத்திரையை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று உடம்பு நன்றாக இருக்கும்போதே உங்கள் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கால்களைப் பற்றி நான் பேசுவதைவிட நீங்கள் நேரில் பார்த்துக்கொள்வது நல்லது. மண்டபத்தின் பின்புறம் நம் செவிலியர் நைலான் இழையோடு காத்திருக்கிறார். பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க, பத்து கிராம் அழுத்தம் விழும்படி அதனால் தொடுவார். தொட்டது தெரிகிறதா என்று சொன்னால் போதும். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே சொல்லுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள். காலணியையும் காலுறையையும் கழற்றிவிட்டு வரிசையில் வாருங்கள். குறிப்பேடு கொண்டு வந்திருப்பவர்கள் அதற்கு முன் என்னிடம் வரலாம். இரத்தக் கறை படிந்த குறிப்பேடுகளை முதலில் பார்க்கிறேன்.