டாக்டர்கள் ஏன் அரசு வேலையை விட்டு விலகிப் போறாங்க? எது அவங்களை வேலையில நிறுத்தி வைக்கும்?

[காட்சி: ஆரம்ப சுகாதார நிலையம், காலை 9 மணி. ஓ.பி. சீட்டோடு நீள வரிசை.]

புதன்கிழமை, தடுப்பூசி நாள். கைக்குழந்தைகளோட அழுகை ஒரு பக்கம், சுகர், பிரஷர் மாத்திரைக்கு வந்த பெரியவங்க இன்னொரு பக்கம். உள்ளே ஒரே ஒரு டாக்டரம்மா. சமவெளியில 30,000 பேருக்கு ஒரு நிலையம்ங்கிறதுதான் கணக்கு.

ஒரு பாட்டி வந்து உட்கார்ந்து, "ராத்திரி படுத்தா மூச்சு முட்டுது தாயி"ன்னு ஆரம்பிக்கிறாங்க. போன் அடிக்குது. மக்களைத் தேடி மருத்துவம் கணக்கு மதியத்துக்குள்ள வேணுமாம். போனை வச்சதும் மருந்து கேட்டு அனுப்புற சீட்டு (இண்டெண்ட்) கையெழுத்துக்கு வருது. அடுத்து, ரெண்டு கர்ப்பிணிகளோட விவரம், கர்ப்பிணிகளைப் பதிவு செய்யற அரசு இணையதளமான பிக்மி போர்ட்டல்ல ஏன் ஏறலைன்னு வட்டாரத்துல இருந்து கேள்வி. பாட்டி சொல்ல வந்ததைப் பாதியில விட்டுட்டு, "நீ வேலையைப் பாரும்மா, நான் அப்புறமா வர்றேன்"னு எழுந்துக்கிறாங்க.

படுத்தா மூச்சு முட்டுறது இதயம் பலவீனமாகிறதோட அறிகுறியா இருக்கலாம். அது அந்த டாக்டருக்குத் தெரியும். தெரிஞ்சும் சரியாப் பார்க்க முடியாம அனுப்புற வேதனை, சாயங்காலம் அவங்க கூடவே வீட்டுக்கு வருது.

டாக்டர்கள் விலகிப் போறதுக்குச் சம்பளம்தான் காரணம்னு சட்டுனு சொல்லிடுறோம். அதுவும் ஒரு காரணம்தான். அரசு டாக்டர்களோட ஊதிய உயர்வு பத்தின அரசாணை 354-ன்படி ஊதியம் கேட்டு, 2019 அக்டோபர் 25-ல இருந்து நவம்பர் 1 வரைக்கும் தமிழ்நாட்டு அரசு டாக்டர்கள் வேலைநிறுத்தமே செஞ்சாங்க. ஆனா சம்பளம் நல்லா இருக்கிற அமெரிக்காவுலயும் இதே கதைதான். அங்கே 2016-ல வந்த ஓர் ஆய்வுல, நோயாளியை ஒரு மணி நேரம் பார்த்தா, கம்ப்யூட்டரோடயும் மேசை வேலையோடயும் ஏறக்குறைய ரெண்டு மணி நேரம் போறது தெரிஞ்சுச்சு.

[காட்சி: கம்ப்யூட்டர் திரையில் ஒரு வரி மறைகிறது.]

ஹவாய் பசிபிக் ஹெல்த்ங்கிற மருத்துவமனைக் குழுமம் 2017-ல ஒரு காரியம் பண்ணுச்சு. "உங்க வேலையில அர்த்தமே இல்லாதது எது? சொல்லுங்க, எடுத்துடறோம்"னு ஊழியர்கள்கிட்டயே கேட்டுச்சு. நர்ஸுங்க கம்ப்யூட்டர்ல மணிக்கு மணி பதியற ஒரு வரி இருந்துச்சு. ஒரு தடவை பதிய 24 விநாடி ஆகும். நாலு ஆஸ்பத்திரிக்கும் சேர்த்தா மாசம் சுமார் 1,700 மணி நேரம்! அந்த வரியையே எடுத்துட்டாங்க. நம்ம ஊர் ரிவ்யூ மீட்டிங்ல இந்தக் கேள்வியை யாராவது கேட்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை.

அடுத்தது பயம். 2024 நவம்பர் 13-ல, கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில புற்றுநோய் டாக்டர் ஒருத்தருக்கு அவர் அறையிலேயே கத்திக்குத்து விழுந்துச்சு. மருத்துவப் பணியாளர்களைப் பாதுகாக்கத் தமிழ்நாட்டுல 2008-லயே சட்டம் வந்தாச்சு. ஆனா ராத்திரி டியூட்டியில தனியா இருக்கிற டாக்டருக்கு வேண்டியது, கூப்பிட்டா ஓடி வர ஒரு ஆள்.

இனி, டாக்டர்களை வேலையில நிறுத்தி வைக்கிறது எதுன்னு பார்ப்போம். எம்.பி.பி.எஸ். முடிச்சவங்களோட பெரிய கவலை பி.ஜி., அதாவது மேற்படிப்பு சீட். அதுக்காக வேலையை விட்டுட்டு, நோயாளி முகத்தையே பார்க்காம கேள்வித்தாளோட வருஷக்கணக்கா உட்கார்ந்திருக்கிறவங்க நிறைய பேர். தமிழ்நாடு இதுக்கு ஒரு நல்ல வழி வச்சிருந்துச்சு. மாநில பி.ஜி. இடங்கள்ல பாதி, அரசுப் பணியில இருக்கிற டாக்டர்களுக்கு. 'சர்வீஸ் கோட்டா'ம்பாங்க. கிராமத்துல கழிச்ச வருஷம் வீணாகாதுங்கிற நம்பிக்கை அது. 2017-ல அது நின்னு போச்சு, நுழைவுத் தேர்வு மார்க்கோட சேர்த்துத் தர்ற ஊக்க மதிப்பெண் மட்டும்தான் மிஞ்சுச்சு. தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் விடல, கோர்ட்டுக்குப் போச்சு. 2020 ஆகஸ்ட் 31-ல உச்ச நீதிமன்றத்தோட ஐந்து நீதிபதிகள் அமர்வு, இந்த ஒதுக்கீட்டைத் தர மாநிலத்துக்கு அதிகாரம் உண்டுன்னு தீர்ப்பு சொல்லுச்சு. அப்படிப் படிச்சவங்க குறைஞ்சது அஞ்சு வருஷமாவது கிராமம், மலை, பழங்குடிப் பகுதிகள்ல வேலை பார்க்க மாநிலங்கள் ஏற்பாடு செய்யணும்னும் சொன்னாங்க.

பத்திரம் எழுதி வாங்கிக் கட்டிப்போட்டா உடம்பு மட்டும் அங்கே இருக்கும். மேல போக வழியும் இருந்து, நோயாளியைப் பார்க்க நேரமும் கிடைச்சா அவங்களே இருப்பாங்க. பி.ஜி.க்கு வழி கிடைச்சாச்சு. பதிவேட்டையும் போர்ட்டலையும் பார்த்துக்க, ஒவ்வொரு நிலையத்துக்கும் தனியா ஒரு ஆள் போடுங்க.

[காட்சி: மேசையில் போன் இல்லை. பாட்டியின் முதுகில் ஸ்டெதஸ்கோப். "நல்லா இழுத்து மூச்சு விடுங்க பாட்டி… எத்தனை நாளா இப்படி இருக்கு?"]